ஏழு முறை சொன்ன பிள்ளை: ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பிள்ளை எந்தத் தனி ஒரு பிள்ளையும் அல்ல. பல வழக்குகளில் திரும்பத் திரும்பத் தென்படும் கூறுகளைக் கோத்து, பயிற்சிக்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி, வீட்டில் தனக்கு நடக்கும் பாலியல் வன்முறையை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை முதன்முதலாக வாய் திறந்து சொன்னாள். புதன் இரவுக்குள் அதையே ஏழு முறை சொல்ல வேண்டியதாயிற்று. வியாழன் காலை, "நான் பொய் சொன்னேன்" என்றாள்.

அந்த மூன்று நாளில் அவளைச் சூழ்ந்திருந்த பெரியவர்களில் ஒரே ஒருவர்தான் குற்றவாளி. மற்றவர்கள் பதறினார்கள், அழுதார்கள், உதவ ஓடினார்கள். அப்படியிருந்தும் அவள் வாய் மூடிக்கொண்டாள். ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. ஒவ்வொரு முறையும் யாரிடம் சொன்னாள், அவர் என்ன கேட்டார், அதனால் என்ன ஆனது என்று எண்ணிக்கொண்டே போனால் விடை கிடைத்துவிடும்.

முதல் ஆறு நிமிடம்

மணி 3.40. வகுப்பு கலைந்துவிட்டது. ஆசிரியை நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார். பிள்ளை பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறாள்.

"மிஸ், ஒண்ணு சொன்னா திட்டுவீங்களா?"

"திட்ட மாட்டேன். சொல்லும்மா."

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சரி, சொல்ல மாட்டேன்."

"ராத்திரி சித்தப்பா என் ரூமுக்கு வராரு. எனக்குப் பிடிக்கல."

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பிள்ளையின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. ஏழெட்டு விநாடி கழித்து, "ம், சொல்லு" என்றார். பிள்ளை இன்னும் மூன்று வாக்கியம் சொன்னாள். கடைசி வாக்கியம், "சொன்னா அம்மா செத்துடுவாங்கன்னு சொன்னாரு."

"திட்டுவீங்களா" என்பதை நிறையப் பேர் சாதாரணக் கேள்வியாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். அது கதவைத் தட்டிப் பார்ப்பது. பிள்ளைகள் முழு விஷயத்தையும் ஒரே மூச்சில் கொட்டுவது அரிது. முதலில் ஒரு சிறு துண்டைப் போட்டு, பெரியவரின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பார்கள். முகம் சுளித்தாலோ, கை அவசரமாக போனைத் தேடினாலோ, "ஒண்ணுமில்ல மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். அடுத்த முயற்சிக்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். பெரியவர்களானபின் கேட்டறிந்த ஆய்வுகளை 2005இல் தொகுத்துப் பார்த்தபோது, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் 60 முதல் 70 சதவீதம் பேர் குழந்தைப் பருவத்தில் யாரிடமும் சொன்னதாக நினைவுகூரவில்லை. அந்த மௌனத்தைத் தாண்டி வந்து நிற்கும் பிள்ளைக்கு, பேனா கீழே வைக்கப்படுவதே பெரிய பதில்.

ஏழெட்டு விநாடி மௌனமும் சரியான செயல். எதிரில் அழுகை வரும்போது நம் வாய் தானாகவே எதையாவது சொல்லி நிரப்பப் பார்க்கும். நிரப்பக் கூடாது. அந்த இடைவெளியில்தான் பிள்ளை அடுத்த வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

தவறு நடந்தது "சொல்ல மாட்டேன்" என்ற வாக்கில். நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. பிள்ளையைக் காக்க வேண்டுமென்றால் இன்னொருவரிடம் சொல்லியே ஆக வேண்டும். வாக்கைக் கொடுத்துவிட்டு மீறினால், ரகசியம் என்று சொல்லி ஏமாற்றும் பெரியவர்கள் வரிசையில் நாமும் சேர்ந்துவிடுகிறோம். குற்றவாளியின் முதல் ஆயுதமே ரகசியம்தான்.

இந்த ஆசிரியை பிள்ளை போவதற்கு முன்பே அதைத் திருத்திக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்ல, அது நான் யோசிக்காம சொன்னது. உன்னைப் பாத்துக்கணும்னா நான் ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொல்லணும். யார்கிட்ட சொல்லப்போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லுவேன். வகுப்புல யாருக்கும் தெரியாது." பிள்ளை அழுதாள், ஆனால் எழுந்து ஓடவில்லை. தவறிவிட்ட பெரியவர் தவறை ஒப்புக்கொண்டால் பிள்ளை பெரும்பாலும் தங்கிவிடுகிறாள். பயிற்சி வகுப்புகளில் இந்த இடத்தில் அதிக நேரம் செலவழிப்பது நல்லது. முதல் ஆறு நிமிடத்தை யாரும் பிழையில்லாமல் கடப்பதில்லை.

அதன்பின் அவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். "நீ சொன்னதை நான் நம்புறேன்." "இதுல உன் தப்பு எதுவும் இல்ல." "சொன்னது நல்லது." அவ்வளவுதான். அணைத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் பிள்ளை கேட்கவில்லை. உடம்பில் எந்தத் தொடுகை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை பறிபோன பிள்ளைக்கு, ஆறுதல் தொடுகையையும் அவளாகவே தேர்ந்தெடுக்க விடுவது முறை. "அம்மா சாக மாட்டாங்க" என்று மட்டும் தனியாகச் சொன்னார். அந்த மிரட்டலைப் பெயர் சொல்லி உடைப்பது அவசியம். பெரியவர்களுக்கு அபத்தமாகத் தோன்றும் மிரட்டல், எட்டு வயதில் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும் உண்மை.

"அவனைச் சும்மா விடக் கூடாது, ஜெயில்ல போடணும்" போன்ற சொற்கள் அவர் வாயில் வரவில்லை. பல பிள்ளைகளுக்குக் குற்றவாளி மேல் பாசமும் இருக்கும். அவர்தான் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தந்தவராக இருப்பார். பிள்ளைக்கு வேண்டியது அந்தச் செயல் நிற்பது. அவர் ஜெயிலுக்குப் போவார் என்று கேட்டால் அடுத்த வாக்கியத்தை விழுங்கிவிடுவாள்.

எவ்வளவு கேட்கலாம்

ஆசிரியர், பெற்றோர், உறவினர், அண்டை வீட்டார், யாராக இருந்தாலும் முதலில் கேட்பவரின் வேலை வாங்கிக்கொள்வதும் கொண்டு சேர்ப்பதும். விசாரிப்பது வேறொருவரின் வேலை. இன்றிரவு அவள் பாதுகாப்பாக இருப்பாளா, உடம்பில் இப்போது வலியோ ரத்தமோ இருக்கிறதா, அந்த ஆள் இப்போது எங்கே, அதே வீட்டில் வேறு பிள்ளைகள் உண்டா? இவை தெரிந்தால் போதும். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கத் தோன்றினால், அது பிள்ளைக்குத் தேவையா, நம் மனம் தாங்காமல் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேட்கும் விதத்தில்தான் வழக்குகள் பிழைப்பதும் சாவதும். "அப்புறம்?", "இன்னும் கொஞ்சம் சொல்லு", "அதைப் பத்தி எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்பவை திறந்த கேள்விகள். விடை பிள்ளையின் நினைவிலிருந்து வருகிறது. "சித்தப்பா உன்னை இங்க தொட்டாரா? இங்கயா?" என்று கேட்டால் விடையை நாமே வாயில் ஊட்டிவிடுகிறோம். பிள்ளை தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல் உண்மையாகவே இருந்தாலும் பிற்பாடு யாரும் அதை நம்ப மாட்டார்கள். "ஏன் கத்தல?", "ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்பவை இன்னும் மோசம். பிள்ளையின் காதில் அவை "உன் தப்புதான்" என்றே விழுகின்றன.

இதன் விலை என்னவென்று உலகம் அறிந்த வழக்கு, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1983இல் வெடித்த மக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கு. அங்கிருந்த ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள் என்ற புகாரில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் பொம்மைகளைக் காட்டி, மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்று கூறி, சொன்னால் பாராட்டி, சொல்லாவிட்டால் ஏமாற்றத்தைக் காட்டிக் கேட்டார்கள். 1990இல் ஒரு தண்டனையும் இல்லாமல் வழக்கு முடிந்தது. அந்தக் கேள்வி முறைகளை 1998இல் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். வகுப்புக்கு வந்து கதை சொல்லிவிட்டுப் போன ஒரு விருந்தாளியைப் பற்றி 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். வெறும் தூண்டல் கேள்விகளுக்கு 17 சதவீதம் தவறான "ஆமாம்" வந்தது. பாராட்டும் அழுத்தமும் சேர்ந்தபோது அது 58 சதவீதமானது. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் பொய் சொல்வார்கள் என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. பிள்ளை தானாகத் தொடங்கி, தன் சொற்களில் சொன்னது வலிமையான சான்று. பெரியவர்கள் கேள்வியால் கலக்கினால்தான் அது கலங்குகிறது.

ஆறு வரிக் குறிப்பு

பிள்ளையைச் சக ஆசிரியை ஒருவருடன் வாசலோரம் உட்கார வைத்துவிட்டு, ஆசிரியை உடனே ஒரு தாள் எடுத்து எழுதினார். இந்த நிகழ்வு முழுவதிலும் மிகச் சரியாகச் செய்யப்பட்ட ஒற்றைக் காரியம் இதுதான். குறிப்பின் வடிவம் இப்படி:

"தேதி, செவ்வாய். 3.40 முதல் 3.46 வரை. மூன்றாம் வகுப்பு அறை. அறையில் நானும் பிள்ளையும் மட்டும்.
அவள் தானாக வந்து பேச்சைத் தொடங்கினாள்.
அவள் சொன்னது: 'ராத்திரி சித்தப்பா என் ரூமுக்கு வராரு. எனக்குப் பிடிக்கல.' (அடுத்து அவள் சொன்ன மூன்று வாக்கியங்கள், அவள் சொற்களிலேயே.)
நான் கேட்டது: 'ம், சொல்லு.' பிறகு, 'இப்ப எங்கயாவது வலிக்குதா?' அவள்: 'இல்ல.' பிறகு, 'இதை யாருக்குச் சொல்லலாம்னு நினைக்கிற?' அவள்: 'அம்மாகிட்ட. அப்பாகிட்ட வேணாம்.'
பேசும்போது பையின் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தாள். இரண்டு முறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.
எழுதிய நேரம் 3.55. கையெழுத்து."

கவனிக்க வேண்டியவை நுணுக்கமானவை. பிள்ளையின் சொல் அப்படியே இருக்கிறது. உடல் உறுப்புக்குப் பிள்ளை வீட்டில் புழங்கும் செல்லப்பெயரைச் சொன்னால் அதையே எழுத வேண்டும். மருத்துவச் சொல்லாக மாற்றி எழுதினால், எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யார் சொல்லிக்கொடுத்தது என்று பின்னால் கேட்பார்கள். நாம் கேட்ட கேள்வியும் பதிவாக வேண்டும். "பயந்திருந்தாள்" என்பது நம் ஊகம், "பட்டையைத் திருகினாள்" என்பது கண்ணால் கண்டது. ஆசிரியை போனில் வீடியோ எடுக்கவில்லை, பிள்ளையை எழுதச் சொல்லவோ படம் வரையச் சொல்லவோ இல்லை, ஆசிரியர் வாட்ஸாப் குழுவில் ஒரு வரிகூடப் போடவில்லை. போனில் எடுத்த காட்சி எத்தனை கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது முதல் ஏழாவது வரை

இந்தக் குறிப்போடு விஷயம் நேராகக் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியிடம் போயிருந்தால், பிள்ளை இன்னும் ஒரே ஒரு முறைதான் விவரமாகச் சொல்லியிருப்பாள். நடந்தது வேறு.

குறிப்பு தலைமை ஆசிரியையின் மேசைக்குப் போனது. அவர் அதைப் படித்துவிட்டு, "எதுக்கும் நானே ஒரு தடவை கேட்டுடறேன்" என்றார். மிகவும் பொறுப்பான வாக்கியம் போலத் தோன்றும் இதுதான் பெரும்பாலான நிகழ்வுகளில் முதல் விரிசல். அறையில் அவரோடு விளையாட்டு ஆசிரியரும் அலுவலக உதவியாளரும் இருந்தார்கள். பிள்ளை பாதிதான் சொன்னாள். அடுத்து பள்ளி ஆலோசகர், புதிதாக, தொடக்கத்திலிருந்து. இது மூன்றாவது.

அடுத்தது வீட்டுக்குத் தகவல். குறிப்பில் "அம்மாகிட்ட. அப்பாகிட்ட வேணாம்" என்று தெளிவாக இருந்தது. அலுவலகத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் முதலில் இருந்த எண்ணுக்குப் பேசி, "கொஞ்சம் உடனே வாங்க, பிள்ளை விஷயம்" என்றார்கள். அது அப்பாவின் எண். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்ட அவர், வண்டி ஓட்டத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளி வாசலில் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்ற சித்தப்பாவைப் பிள்ளை பார்த்தாள். அதற்குப் பிறகு அலுவலக அறையில் அப்பா, "என்னடி சொன்ன?" என்று கேட்டபோது நான்காவது முறையாகச் சொன்னாள், தரையைப் பார்த்தபடி.

குற்றம் சாட்டப்பட்டவர் வீட்டோடு இருப்பவர் என்றால், யாருக்கு முதலில் தகவல் போகிறது என்பதே பாதுகாப்பின் முதல் முடிவு. அவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளைக்கு மிரட்டல் வரும், போனில் இருப்பது அழியும், வீட்டார் அவர் பக்கம் திரட்டப்படுவார்கள். இங்கே மூன்றும் அன்றிரவே நடந்தன. பாட்டி மடியில் உட்கார வைத்து, "நல்லா யோசிச்சுச் சொல்லு கண்ணு, கனவு ஏதும் கண்டியா?" என்று கேட்டார். ஐந்தாவது.

புதன்கிழமை அம்மா அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனார். முகப்பு மேசையில், வந்துபோகிறவர்கள் நடுவில், சீருடை அணிந்தவரிடம் ஆறாவது முறை. மருத்துவமனையில், "என்ன ஆச்சு பாப்பா?" என்ற கேள்விக்கு ஏழாவது.

ஒவ்வொரு முறையும் கதை கொஞ்சம் மாறியது. ஒரு முறை "நேத்து" என்றாள், ஒரு முறை "லீவுல". ஒரு முறை விளக்கு அணைந்திருந்தது, இன்னொரு முறை எரிந்தது. பல முறை நடந்ததை ஒரு முறை நடந்ததாகச் சொல்லச் சொன்னால் பிள்ளைகளுக்கு இப்படித்தான் வரும், ஏனென்றால் வெவ்வேறு இரவுகள் நினைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்னொரு காரணமும் உண்டு. ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்ன விடை தப்பு போலிருக்கிறது என்று நினைத்துப் பிள்ளை விடையை மாற்றுவாள். வகுப்பறையில் நாம் பழக்கியது அதுதானே. இந்த மாற்றங்கள் எல்லாம் பிற்பாடு எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் முரண்பாடுகளாகச் சேரும்.

உடம்பு

செவ்வாய் இரவே அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டி, படுக்கை விரிப்பையும் இரவு உடையையும் துவைத்துப் போட்டுவிட்டார். அருவருப்பும் அன்பும் சேர்ந்து செய்த காரியம். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கடைசிச் சம்பவம் அண்மையில் நடந்திருக்கலாம் என்றால், மருத்துவப் பரிசோதனை வரை குளிக்க வைக்காமலும், அன்று போட்டிருந்த உடையையும் விரிப்பையும் துவைக்காமலும் வைக்க வேண்டும். காகிதப் பையில் வைப்பது நல்லது, பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். 10 வயதுக்குட்பட்ட 273 பிள்ளைகளைப் பற்றி 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கிடைத்த தடயங்களில் 64 சதவீதம் உடையிலும் விரிப்பிலும்தான் இருந்தன. ஏற்கெனவே குளித்திருந்தாலும் பரிசோதனைக்குப் போகத் தயங்க வேண்டியதில்லை. அம்மாவைக் குறை சொல்வதும் தேவையில்லை.

நேரம் இங்கே முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு நல்லது. பருவமடைந்த பெண் பிள்ளைக்கு அவசரக் கருத்தடை 120 மணி நேரத்துக்குள். சம்பவம் நடந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு: தொற்று இருந்தால் கண்டுபிடிக்கலாம், "உன் உடம்பு நல்லா இருக்கு" என்று ஒரு டாக்டர் வாயால் பிள்ளை கேட்கவும் முடியும். பல பிள்ளைகள் தாங்கள் உள்ளே உடைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

"டாக்டர் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரே" என்று புதன்கிழமை இரவு வீட்டில் பேச்சு திரும்பியது. பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பது எதுவும் நடக்கவில்லை என்பதற்குச் சான்று அல்ல. சந்தேகத்தின் பேரில் பரிசோதனைக்கு வந்த 2,384 பிள்ளைகளைப் பற்றி 2002இல் வந்த ஆய்வில் ஏறத்தாழ 96 சதவீதம் பேரின் பரிசோதனை இயல்பாகவே இருந்தது. பல செயல்கள் காயம் உண்டாக்குவதில்லை, உண்டான காயமும் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஆறிவிடும். மருத்துவர் இந்த ஒரு வாக்கியத்தை அம்மாவிடம் அங்கேயே சொல்லியிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கும்.

"நான் பொய் சொன்னேன்"

வியாழன் காலை தலை வாரிக்கொண்டிருக்கும்போது பிள்ளை இதைச் சொன்னாள். வீடே மூச்சு விட்டது. பாட்டி சாமி படத்துக்கு விளக்கேற்றினார். அந்த நிம்மதியைப் பிள்ளையும் பார்த்தாள். பொய் என்று சொன்னால் எல்லோரும் பழையபடி ஆகிவிடுகிறார்கள் என்பதைக் கண்ணெதிரே கற்றுக்கொண்டாள்.

அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983இல் எழுதிய கட்டுரையில் ஐந்து நிலைகளை விவரித்தார்: ரகசியம், கையறுநிலை, சிக்கிக்கொண்டு ஒத்துப்போதல், தாமதமாகவும் நம்பமுடியாதபடியும் வெளிப்படுத்தல், கடைசியில் மறுத்துப் பேசுதல். எல்லாப் பிள்ளைகளும் இந்த வரிசையில் போவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிட்டார்கள், அது நியாயமான திருத்தம். ஆனால் மறுப்பு எப்போது வருகிறது என்பது தெளிவாகியிருக்கிறது. பாலியல் வன்முறை வழக்குகள் 257ஐ ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வில் சுமார் 23 சதவீதப் பிள்ளைகள் ஏதோ ஒரு கட்டத்தில் மறுத்தார்கள். வயது குறைந்தவர்கள், பெற்றோர் இடத்தில் இருப்பவரால் பாதிக்கப்பட்டவர்கள், குற்றம் செய்யாத பெற்றோரின் ஆதரவு கிடைக்காதவர்கள்தான் அதிகம் மறுத்தார்கள். பிள்ளை சொன்னது உண்மையா என்பதைவிட, சொன்னபின் அவளைச் சுற்றி என்ன நடந்தது என்பதோடுதான் மறுப்பு நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது.

மறுக்கும் பிள்ளையிடம் வாதாடக் கூடாது, "அன்னிக்கு அப்படிச் சொன்னியே" என்று மடக்கவும் கூடாது. மகிழ்ச்சியும் காட்டக் கூடாது. அந்த வாரமே உதவிக்கு வந்த குழந்தை நலப் பணியாளர் கேட்டது இதுதான்: "சரிம்மா. அன்னிக்கு மிஸ்கிட்ட சொன்னியே, அதுக்கு அப்புறம் வீட்ல என்னென்ன நடந்துச்சு?" பிள்ளை வரிசையாகச் சொன்னாள். அப்பா சாப்பிடவில்லை. பாட்டி அழுதார். சித்தப்பா மாடியிலிருந்து கீழே வரவில்லை. அம்மாவுக்கு மயக்கம் வந்து விழுந்தார். இந்தக் கடைசிச் செய்திதான் முடிச்சு. "சொன்னா அம்மா செத்துடுவாங்க" என்று மிரட்டப்பட்டவள், சொன்ன மறுநாளே அம்மா தரையில் விழுந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறாள்.

அம்மா

இந்த நிகழ்வு திரும்பிய இடம் அம்மாதான். பிள்ளை மீண்டு வருவதைத் தீர்மானிக்கும் காரணிகளில், குற்றம் செய்யாத பெற்றோரின் நம்பிக்கைக்கும் துணைக்கும் நிகரானவை மிகச் சில. ஆனால் அந்த அம்மாவுக்கும் நிலம் நழுவிய வாரம் அது. கணவரின் தம்பி, ஒரே கூரை, பத்து வருட உறவு. முதல் எதிர்வினையாக "இருக்காது" என்று வாயில் வருவது பெரும்பாலும் அதிர்ச்சியின் சொல். அதை வைத்து "அம்மாவே துணை போயிருக்கிறாள்" என்று எழுதிவிடும் அவசரம் அதிகாரிகளுக்கு உண்டு. அப்படி எழுதியதும் பிள்ளைக்கு இருந்த ஒரே துணையும் எதிர்ப்பக்கம் தள்ளப்படும்.

பணியாளர் அம்மாவோடு தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். அம்மா அழவும் கோபப்படவும் அந்த அறையில் இடம் கிடைத்தது. பிறகு அவர் கேட்டுக்கொண்டது சின்னச் சின்ன காரியங்கள். பிள்ளை முன்னால் இதைப் பற்றிப் போனில் பேசாதீர்கள். அழுகை வந்தால், "அம்மாவுக்கு வருத்தமா இருக்கு, உன்னால இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அழுங்கள். அவளாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். வழக்கமான நேரத்துக்குச் சாப்பாடு, பள்ளி, தூக்கம்.

பெரிய முடிவு ஒன்று இருந்தது. பிள்ளையைக் கொஞ்ச நாள் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அப்பா சொன்னார். வீட்டை விட்டுப் போக வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான். பிள்ளையை அனுப்பினால், பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டது தான்தான் என்று அவள் புரிந்துகொள்வாள். அவர் வெளியேற மறுத்தால் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம், தனியாகப் பிள்ளை மட்டும் கூடாது. இங்கே சித்தப்பா சனிக்கிழமை வெளியேறினார். அன்று இரவு பிள்ளை விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள் என்று அம்மா சொன்னார்.

எட்டாவது முறை

இரண்டாவதாக நடந்திருக்க வேண்டியது எட்டாவதாக நடந்தது. பயிற்சி பெற்ற ஒருவர், அமைதியான அறை, ஒரே ஒரு முறை, ஒளிப்பதிவோடு. இப்படி ஒரே இடத்தில் எல்லாவற்றையும் முடிக்கும் குழந்தைகள் ஆதரவு மையம் முதன்முதலில் அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரில் 1985இல் தொடங்கியது. ஐஸ்லாந்தில் 1998இல் வந்த பார்னாஹூஸ், அதாவது பிள்ளைகளின் வீடு, ஐரோப்பாவுக்கு முன்மாதிரியானது. கேட்கும் முறைக்கு உளவியலாளர் மைக்கேல் லாம் குழுவினர் உருவாக்கிய நெறிமுறை பல நாடுகளில் புழங்குகிறது. முதலில் பிள்ளைக்குப் பிடித்த விஷயத்தைப் பேச விடுகிறார்கள். "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லலாம், நான் தப்பாச் சொன்னா திருத்தலாம்" என்று விதியைச் சொல்கிறார்கள். ஒரு பிறந்தநாளைப் பற்றி முழுதாகச் சொல்ல வைத்துப் பழக்குகிறார்கள். அதன்பின்தான், "நீ எதுக்கு இங்க வந்திருக்கன்னு சொல்லு." பல இரவுகள் கலந்து வந்தால், "நல்லா ஞாபகம் இருக்கிற ஒரு தடவையை மட்டும் சொல்லு" என்று பிரித்துக் கேட்கிறார்கள். முகப்பு மேசையில் முரண்பாடாகத் தெரிந்தது, அறையில் வெவ்வேறு இரவுகளாகப் பிரிந்து நின்றது.

சிகிச்சை வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது நடந்ததைப் பற்றிய எண்ணங்களையும் பயத்தையும் படிப்படியாகப் பேசிச் சரிசெய்யும் முறை, பொதுவாக 12 முதல் 16 அமர்வுகள், பெற்றோருக்கும் அதில் பங்கு உண்டு.

யாருக்குத் தெரிவிப்பது

பல நாடுகளில் இது சட்டக் கடமை. தெரிவிப்பவர் நிரூபிக்க வேண்டியதில்லை, நியாயமான சந்தேகம் போதும். இந்தியாவில் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி யாருக்குத் தெரிந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மேல் நடவடிக்கை கிடையாது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல் வாங்க வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. முகப்பு மேசையில் கேட்பது தவறு என்று அந்த அம்மா அங்கேயே சொல்லியிருக்க முடியும். பிள்ளைகளுக்காக அழைக்கக்கூடிய உதவி எண் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929, மலேசியாவில் 15999, சிங்கப்பூரில் 1800-777-0000.

இந்த நிகழ்வுக்கு வெளியே

எல்லாப் பிள்ளைகளும் இப்படி வாக்கியமாகச் சொல்வதில்லை. மூன்று நான்கு வயதில் குளிக்கும்போதோ விளையாடும்போதோ ஒற்றை வரியாகக் கசியும். குளியலை நிறுத்தாமல், குரலை மாற்றாமல், "அப்படியா? அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். ஆண் பிள்ளைகள் "என் ஃப்ரெண்டுக்கு ஒண்ணு ஆச்சு" என்று தொடங்குவது அடிக்கடி நடக்கும். "ஃப்ரெண்டா, நீயா?" என்று முகமூடியைப் பிடுங்காமல், ஃப்ரெண்டுக்கு என்ன உதவி வேண்டும் என்றே பேசலாம். பேச்சு வராத பிள்ளைக்கு அவள் வழக்கமாகப் பயன்படுத்தும் படப்பலகையும் சைகையுமே வாய். அதைப் பெயர்த்துச் சொல்பவர் குடும்பத்தவராக இருக்கக் கூடாது. பதின்வயதினர் நள்ளிரவில் மெசேஜாக அனுப்புவார்கள். உடனே பதில் போடுங்கள், மெசேஜை அழிக்காதீர்கள். படம் வைத்து மிரட்டல் என்றால் பணம் கொடுக்க வேண்டாம், படத்தை யாருக்கும் அனுப்பவும் வேண்டாம், "இதோ ஆதாரம்" என்று உறவினருக்குக்கூட. 18 வயதுக்குட்பட்டவர்களின் படம் இணையத்தில் பரவாமல் தடுக்க, படத்தைப் பதிவேற்றாமலேயே அதன் எண்ம அடையாளத்தை (படத்திலிருந்து கணினி உருவாக்கும் குறியீட்டை) மட்டும் பதிவு செய்யும் "டேக் இட் டவுன்" சேவை 2023 முதல் இருக்கிறது.

பள்ளிக்குத் திரும்பிய பிள்ளையிடம் ஆசிரியை வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நோட்டில் தப்புக்குத் தப்பு என்றே போட்டார். மற்ற ஆசிரியர்களுக்குச் சொன்னது, "அவ எப்ப வெளிய போகணும்னு கேட்டாலும் விடுங்க" என்பது மட்டும்.

பதினோரு மாதம் கழித்து ஆசிரியை சாட்சிக் கூண்டில் நின்றார். பிள்ளை ஏழு பேரிடம் ஏழு விதமாகச் சொல்லியிருக்கிறாளே, உங்களிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். எது உண்மை என்று தான் முடிவு செய்யவில்லை, அவள் சொன்னதை எழுதி மட்டும் வைத்தேன் என்றார். தாளைப் பிரித்து 3.40 என்று தொடங்கி, தான் கேட்ட மூன்று கேள்விகளையும் சேர்த்து, எழுதியிருந்தபடியே படித்தார்.